உருளும் குண்டு, வழுக்கும் கட்டை, ஆடும் ஊசல்: கணக்கு ஒத்துவராதபோது எங்கே தேடுவது?

இயற்பியல் செய்முறைக் குறிப்பேட்டில் விடை ஒத்துவராதபோது எழுதப்படும் வழக்கமான வரி ஒன்று உண்டு: "உராய்வினாலும் காற்றுத் தடையினாலும் சிறிது பிழை ஏற்பட்டது." அந்த வரி எதையும் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி மருந்து கேட்பது போலத்தான் அது. உராய்வு, காற்று, சுழற்சி, நம் கை, நம் கடிகாரம் ஆகிய ஒவ்வொன்றும் எண்களில் தனக்கென்று ஒரு தடத்தை விட்டுப் போகிறது. ஒன்று விடையை எப்போதும் ஒரே பங்கு குறைக்கும். இன்னொன்று வரைபடக் கோட்டைச் சாய்வு மாறாமல் அப்படியே நகர்த்தும். வேறொன்று கோட்டை வளைக்கும். பிழை எவ்வளவு பெரியது என்பதைவிட அதன் வடிவம் என்ன என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

வீட்டிலோ வகுப்பிலோ செய்கிற இயக்கப் பரிசோதனைகளில் அடிக்கடி வரும் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் சிதறலைப் பாருங்கள்

எதையும் மாற்றாமல் அதே அளவீட்டை ஐந்து தடவை எடுங்கள். விடைகள் 8.1, 10.9, 9.2, 11.6, 8.8 என்று இங்குமங்கும் ஓடினால், கோளாறு அளக்கும் விதத்தில் இருக்கிறது. கடிகாரத்தையோ, கையையோ, விடுவிக்கும் முறையையோ சந்தேகிக்க வேண்டும். உராய்வைத் தேடிப் பயனில்லை. ஐந்தும் 6.9, 7.0, 7.0, 6.9, 7.1 என்று நெருக்கமாக நின்று, எதிர்பார்த்தது 9.8 என்றால், அங்கே ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக வேலை செய்கிறது. அப்போதுதான் விசைகளைத் தேடுவதில் பொருள் உண்டு.

அடுத்தது, ஒரே ஒரு புள்ளியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கோணத்தையோ எடையையோ உயரத்தையோ படிப்படியாக மாற்றி நான்கைந்து புள்ளிகள் எடுத்து வரைபடம் போடுங்கள். ஒரு புள்ளியில் எல்லாப் பிழைகளும் ஒன்று போலவே தெரியும். கோடு வரைந்த பிறகுதான் அவை பிரிந்து நிற்கும்.

அறிகுறி: சாய்தளத்தில் குண்டு உருள்கிறது, முடுக்கம் எப்போதும் முப்பது விழுக்காடு போலக் குறைவாக வருகிறது

கணக்கு இப்படிப் போட்டிருப்பீர்கள்: ஈர்ப்பு முடுக்கம் பெருக்கல் சாய்கோணத்தின் சைன். பலகை 1 மீட்டர் நீளம், ஒரு முனை 10 செ.மீ. உயரம் என்றால் 0.98 மீ/வி² வர வேண்டும். அளந்தால் 0.70 வருகிறது. உடனே உராய்வு நினைவுக்கு வரும்.

அந்தப் பங்கைக் கவனியுங்கள். 0.70-ஐ 0.98-ஆல் வகுத்தால் 0.714. அது ஏழில் ஐந்து. திண்மக் கோளம் வழுக்காமல் உருண்டால் அதன் முடுக்கம் வழுக்கிச் செல்லும் பொருளின் முடுக்கத்தில் சரியாக 5/7 பங்குதான். ஈர்ப்பு செய்யும் வேலையில் ஒரு பகுதி குண்டை முன்னே தள்ளுகிறது, இன்னொரு பகுதி அதைச் சுழற்றுகிறது. வெப்பமாக எதுவும் வீணாகவில்லை. உங்கள் அளவீடு சரியாகவே இருக்கிறது, போட்ட சூத்திரம்தான் வேறு இயக்கத்துக்கு உரியது.

உறுதி செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, குண்டை மாற்றுவது. பெரியது, சிறியது, கனமானது, லேசானது எதுவானாலும் திண்மமாக இருக்கும்வரை அதே 5/7 வரும். நிறையும் ஆரமும் கணக்கில் அடிபட்டுப் போகின்றன. வடிவம் மாறினால் மட்டும் எண் மாறும்: திண்ம உருளைக்கு 2/3, மெல்லிய உள்ளீடற்ற கோளத்துக்கு 3/5, வளையத்துக்கு 1/2. ஒரே சாய்தளத்தில் ஒரு குண்டையும் ஒரு வளையத்தையும் சேர்ந்து விட்டுப் பாருங்கள். எடை எப்படி இருந்தாலும் குண்டுதான் முதலில் வரும். எனக்குத் தெரிந்து சுழற்சியின் பங்கை இவ்வளவு தெளிவாகக் கண் முன்னே காட்டும் பரிசோதனை வேறில்லை.

இரண்டாவது வழி வரைபடம். கோணத்தின் சைனைக் கிடை அச்சிலும் முடுக்கத்தை நெடு அச்சிலும் வையுங்கள். சுழற்சி மட்டும்தான் காரணம் என்றால் கோடு ஆதிப்புள்ளி வழியாகவே போகும், சாய்வு மட்டும் 9.8-க்குப் பதிலாக 7.0 ஆக இருக்கும். உருளும் உராய்வும் குறுக்கிட்டால் கோடு ஆதிப்புள்ளியை விட்டு வலப்பக்கம் விலகும். அதாவது பலகையைச் சிறிது தூக்கிய பிறகும் குண்டு நகராமல் நின்றிருக்கும்.

சரி, பங்கு 0.71-ஐ விடவும் குறைகிறதா? குண்டு பள்ளத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். பள்ளத்தின் இரு விளிம்புகள் மீது உட்கார்ந்து ஓடும் குண்டு ஒரு சுற்றுக்குக் கடக்கும் தூரம் குறைவு. அதனால் அதே வேகத்தில் ஓட அது அதிகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. குண்டின் மையம், விளிம்புகளைத் தொடும் புள்ளிகளிலிருந்து ஆரத்தில் ஐந்தில் நான்கு பங்கு உயரத்தில்தான் இருக்கிறது என்றால் பங்கு 0.615-க்கு இறங்கிவிடும். தட்டையான பலகையில் ஒரு முறை விட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

மாறாக, பலகையை நன்றாகச் செங்குத்தாக்கினால் பங்கு 0.71-க்கு மேலே ஏறும். அங்கே குண்டு உருளாமல் வழுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். கோணத்தின் டேன் மதிப்பு, உராய்வுக் குணகத்தின் (உராய்வு விசைக்கும் பரப்பை அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதத்தின்) மூன்றரை மடங்கைத் தாண்டியதும் இது நடக்கும். குணகம் 0.3 என்றால் சுமார் 46 பாகையில். குறைவான சாய்விலேயே வேலையை முடித்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

கலிலியோவும் இதைத்தான் செய்தார். 1638-ல் வெளியான தன் நூலில் அவர் விவரிக்கும் கருவி, காகிதத்தோல் ஒட்டி வழவழப்பாக்கிய பள்ளமும் அதில் ஓடும் வெண்கலக் குண்டும். நேரத்தை அளக்க, பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக வழிந்த தண்ணீரை எடை போட்டார். சுழற்சியின் பங்கை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. முடுக்கம் எப்போதும் ஒரே பங்கு குறைவாக இருப்பது அந்த விகிதத்தைத் தொடுவதே இல்லை. கேள்வியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு பெரிய பிழையின் வாயை அடைத்துவிடலாம் என்பதற்கு இது அருமையான எடுத்துக்காட்டு.

இந்தப் பகுதியை விடுமுன் ஒரு சிறு சோதனை. மேசையே சமமாக இருக்கிறதா? 1 மீட்டர் பலகையை 2 செ.மீ. மட்டும் தூக்கியிருக்கும்போது மேசை 2 மி.மீ. சாய்ந்திருந்தால் விடையில் 10 விழுக்காடு பிழை வந்துவிடும். பலகையைத் தூக்காமல் குண்டை இரு திசையிலும் மெல்லத் தட்டிவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் விரைந்து ஓடினால் மேசைக் காலுக்கு அடியில் காகிதம் மடித்து வைக்க வேண்டியதுதான்.

அறிகுறி: நூலில் தொங்கும் எடை வண்டியை இழுக்கிறது, வரைபடம் நேர்க்கோடாக வரவில்லை

வண்டி, கப்பி, நூல், தொங்கும் எடை. நியூட்டனின் இரண்டாம் விதிக்கு எல்லாரும் செய்யும் பரிசோதனை இது. இதில் நான்கு விதமாகக் கோளாறு வரலாம். இழுக்கும் விசையைக் கிடை அச்சிலும் முடுக்கத்தை நெடு அச்சிலும் வைத்து வரைந்தால் நான்கும் வெவ்வேறு மாதிரி தெரியும்.

கோடு முதலில் நேராகப் போய், எடை கூடக் கூடக் கீழ்நோக்கி வளைகிறதா? தொங்கும் எடையும் சேர்ந்துதான் முடுக்கமடைகிறது என்பதை விட்டுவிட்டீர்கள். வண்டி 500 கிராம், தொங்குவது 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இழுக்கும் விசை 0.49 நியூட்டன். அதை வண்டியின் நிறையால் மட்டும் வகுத்தால் 0.98 மீ/வி². ஆனால் நகர்வது மொத்தம் 550 கிராம், ஆகவே உண்மை முடுக்கம் 0.89. தொங்குவதும் 500 கிராம் ஆகிவிட்டால் கணக்கு 9.8 என்று சொல்லும், வண்டியோ 4.9-இல்தான் ஓடும். நூலின் இழுவிசை தொங்கும் எடைக்குச் சமம் என்று நினைப்பதுதான் இங்கே வேர். எடை கீழே முடுக்கத்தோடு இறங்கும்போது இழுவிசை எப்போதும் அதன் எடையைவிடக் குறைவு. இதற்குத் தீர்வு எளிது: எல்லாச் சிறு எடைகளையும் முதலில் வண்டியிலேயே ஏற்றிவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் தொங்கும் கொக்கியில் மாட்டுங்கள். மொத்த நிறை மாறாது, கோடு நேராகிவிடும்.

கோடு நேராகத்தான் இருக்கிறது, ஆனால் விசை அச்சை ஆதிப்புள்ளிக்கு வலப்பக்கம் வெட்டுகிறதா? இதோ, இங்கேதான் உண்மையான உராய்வு. வேகத்தைப் பொறுத்து மாறாத, ஒரே அளவான தடை எப்போதும் இந்தத் தடத்தைத்தான் விடும். வெட்டும் இடத்தில் உள்ள எண்ணே உராய்வு விசையின் அளவு. ஆகவே இனிமேல் குறிப்பேட்டில் "உராய்வினால் பிழை" என்பதற்குப் பதிலாக "உராய்வு 0.08 நியூட்டன்" என்று எழுதலாம். கோட்டின் சாய்வை மட்டும் பயன்படுத்தினால் உராய்வு உங்கள் விடையைக் கெடுக்கவே இல்லை. அதை ஈடு செய்தே ஆக வேண்டும் என்றால், தொங்கும் எடையைக் கழற்றிவிட்டுத் தடத்தின் பின்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். லேசாகத் தட்டினால் வண்டி வேகம் கூடாமல் குறையாமல் ஓட வேண்டும். தானாகக் கிளம்பும் வரை உயர்த்தக் கூடாது. அது நிற்கும் பொருளைத் தடுக்கும் நிலை உராய்வின் அளவு, நகரும் பொருளைத் தடுக்கும் இயக்க உராய்வைவிட அதிகம்.

அப்படி அதிகமாக உயர்த்திவிட்டால் மூன்றாவது அறிகுறி வரும்: எடையே இல்லாதபோதும் முடுக்கம் இருப்பதாகக் கோடு காட்டும். பின்முனையைக் கீழே இறக்குங்கள்.

நான்காவது, கோடு நேராக ஆதிப்புள்ளி வழியே போயும் சாய்வு சில விழுக்காடு குறைவது. வண்டிச் சக்கரங்களும் கப்பியும் சுழல்வதற்கு எடுத்துக்கொள்ளும் பங்கு இது. கப்பி சீரான தட்டு வடிவில் இருந்தால் அதன் நிறையில் பாதியை மொத்த நிறையோடு சேர்த்தால் போதும். நூல் தடத்துக்கு இணையாக இருக்கிறதா என்றும் ஒரு கண் வையுங்கள்.

அறிகுறி: சாய்வைக் கூட்டும்போது கட்டை ஒவ்வொரு முறையும் வேறு கோணத்தில் வழுக்குகிறது

இது கோளாறு என்பதைவிட நிலை உராய்வின் இயல்பு என்றுதான் சொல்ல வேண்டும். கட்டை கிளம்பும் கோணத்தின் டேன் மதிப்பே நிலை உராய்வுக் குணகம்: 20 பாகை என்றால் 0.36, 30 பாகை என்றால் 0.58. ஆனால் அது மேற்பரப்பின் நிலையைப் பொறுத்தது. விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, பலகையைத் தூக்கும்போது கை நடுங்குவது, கட்டை எவ்வளவு நேரம் அசையாமல் கிடந்தது என்பது எல்லாமே கோணத்தை நகர்த்தும். உலர்ந்த துணியால் இரண்டு பரப்பையும் துடையுங்கள், கட்டையை எப்போதும் அதே இடத்தில் அதே முகம் கீழே இருக்கும்படி வையுங்கள், மெதுவாக உயர்த்துங்கள். அப்புறமும் இரண்டு மூன்று பாகை ஆடினால் சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூல் அட்டவணையில் இருக்கும் குணகத்தோடு ஒத்துவரவில்லை என்று வருந்தத் தேவையில்லை. உங்கள் மரமும் அட்டவணைக்காரரின் மரமும் ஒன்றல்ல.

கட்டையின் மேல் எடை ஏற்றினால் கோணம் மாறக் கூடாது. அழுத்தும் விசை கூடும் அதே பங்கில் இறக்கும் விசையும் கூடுகிறது. மாறினால் பரப்பில் ஏதோ பிசின் போல ஒட்டுகிறது. கட்டை வழுக்காமல் கவிழ்கிறது என்றால் அது உயரமாக, அடிப்பகுதி குறுகலாக இருக்கிறது. படுக்க வையுங்கள்.

அறிகுறி: கிடையாக இழுக்கும்போது வில் தராசின் முள் துள்ளுகிறது

கட்டை நிற்கிறது, முள் ஏறுகிறது, சட்டென்று கட்டை பாய்கிறது, முள் விழுகிறது, மறுபடி நிற்கிறது. நிலை உராய்வு இயக்க உராய்வைவிட அதிகம் என்பதால் வரும் துள்ளல் இது. நிலை உராய்வை மீறும் அளவுக்கு வில் நீண்டதும் கட்டை கிளம்புகிறது. கிளம்பியதும் தடை குறைவதால் தேவைக்கு மேல் பாய்ந்துவிடுகிறது. வில் சுருங்கியதும் மறுபடி நின்றுவிடுகிறது. நடுவிலே எந்த எண்ணைக் குறித்துக்கொள்வது?

கட்டையை இழுப்பதை விட்டுவிடுங்கள். தராசை ஓர் அசையாத இடத்தில் கட்டிக் கட்டையோடு இணைத்துவிட்டு, கட்டைக்கு அடியில் இருக்கும் பலகையை எதிர்த்திசையில் இழுங்கள். கட்டை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே இருக்கும், பலகை அதன் கீழே வழுக்கும். பலகையை ஒரே வேகத்தில் இழுக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை, ஏனென்றால் இயக்க உராய்வு வேகத்தோடு பெரிதாக மாறுவதில்லை. முள்ளும் தராசும் நகராமல் இருப்பதால் எண்ணை நிதானமாகப் படிக்கலாம். இந்தச் சிறு மாற்றம் எவ்வளவு வேலையை மிச்சப்படுத்துகிறது என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

எண் நிலையாக இருந்தும் குறைவாக வந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். தராசை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் அது கட்டையைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. தரையை அழுத்தும் விசை குறைகிறது, உராய்வும் குறைகிறது. குணகம் 0.4 உள்ள பரப்பில் 20 பாகை சாய்த்து இழுத்தால் முள் 7 விழுக்காடு குறைத்துக் காட்டும். இன்னொன்று, தராசின் பூச்சியம். தொங்கவிட்டு நிறுக்கும் தராசில் கொக்கியின் எடையும் வில்லின் எடையும் சேர்ந்து இழுக்கும் நிலையைப் பூச்சியமாக வைத்திருப்பார்கள். கிடையாகப் படுக்க வைத்தால் அந்த இழுப்பு இல்லை. முள் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். படுக்க வைத்த நிலையிலேயே பூச்சியத்தைச் சரி செய்யுங்கள்.

கட்டையைப் பெரிய முகத்திலிருந்து சிறிய முகத்துக்குத் திருப்பினால் உராய்வு மாறுகிறதே என்று சிலர் கேட்பார்கள். தொடும் பரப்பளவைப் பொறுத்து உராய்வு மாறுவதில்லை என்று பிரெஞ்சு இயற்பியலாளர் அமோந்தோன் 1699-லேயே சொல்லிவிட்டார். உங்களுக்கு மாறினால் இரண்டு முகங்களின் வழவழப்பு ஒன்றா என்று பாருங்கள், ரப்பர் போன்ற மென்மையான பொருளா என்றும் பாருங்கள். ரப்பர் இந்த விதிக்குச் சரியாகக் கட்டுப்படாது.

அறிகுறி: தாளில் போட்ட கணக்கே பொருள் மேட்டில் ஏறுவதாகச் சொல்கிறது

கருவியே இல்லாமல் வரும் கோளாறு. 20 பாகை சாய்வில் ஒரு பெட்டி, குணகம் 0.5. கீழே இழுக்கும் பங்கு எடையில் 0.34, உராய்வு 0.47. கழித்தால் முடுக்கம் எதிர்க்குறியோடு வருகிறது. பெட்டி தானாக மேலே ஏறுமா? ஏறாது. 0.47 என்பது உராய்வு எட்டக்கூடிய உச்ச அளவு. நிற்கும் பொருளின் மீது உராய்வு தேவையான அளவு மட்டுமே தலைகாட்டும், இங்கே 0.34. பெட்டி நிற்கிறது, முடுக்கம் பூச்சியம். குணகத்தைக் கண்டதும் பெருக்கிவிடும் பழக்கத்தை விட்டுவிட்டு, முதலில் பொருள் நகர்கிறதா நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டால் இந்தப் பிழை வராது.

உராய்வின் திசையிலும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. உராய்வு எப்போதும் பின்னோக்கித்தான் என்று படத்தில் அம்பு போட்டால், நடக்கும் மனிதருக்கும் மிதிக்கும் சைக்கிளுக்கும் கணக்கு நிற்கவே செய்யாது. நடப்பவரின் பாதம் தரையைப் பின்னே தள்ளுகிறது, தரையின் உராய்வு அவரை முன்னே தள்ளுகிறது. சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் அதுவே. தொடும் இரண்டு பரப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முயலும் திசையைப் பாருங்கள், அதற்கு எதிராக அம்பு போடுங்கள்.

அறிகுறி: கனமான பொருள்தான் முதலில் விழுகிறது

விழத்தான் செய்யும், காற்று இருக்கும் வரை. கேள்வி, எவ்வளவு முன்னால் என்பதே. டேபிள் டென்னிஸ் பந்து 2.7 கிராம், விட்டம் 40 மி.மீ. அது காற்றில் விழும்போது எட்டக்கூடிய உச்ச வேகம் வினாடிக்கு 8 அல்லது 9 மீட்டர்தான். அதே அளவுள்ள இரும்புக் குண்டோடு சேர்த்து 1 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் வித்தியாசம் சுமார் நூறில் ஒரு வினாடி. கண்ணுக்குத் தெரியாது. 3 மீட்டரிலிருந்து விட்டால் இரும்பு தரையைத் தொடும்போது பந்து ஏறக்குறைய 30 செ.மீ. மேலே இருக்கும். உயரம் கூடக் கூட இடைவெளி விரைந்து வளர்வதுதான் காற்றின் தடம்.

1 மீட்டரிலேயே பெரிய வித்தியாசம் தெரிந்தால் காற்றைக் குறை சொல்லாதீர்கள், விடும் கைகளைப் பாருங்கள். கனமானதை இறுகப் பிடித்திருக்கும் விரல்கள் லேசானதைப் பிடித்திருக்கும் விரல்களோடு ஒரே நொடியில் திறப்பதில்லை. கைகளை மாற்றிப் பிடித்து மறுபடி விடுங்கள். முந்துவது பொருளைத் தொடர்கிறதா, கையைத் தொடர்கிறதா என்பது தெரிந்துவிடும்.

காற்றே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை நிலவிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 1971-ல் அப்பல்லோ 15 பயணத்தில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் கைகளிலிருந்து சேர்த்து விட்டார், இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. பூமியிலேயே இதற்கு ஓர் எளிய மாற்று இருக்கிறது. புத்தகத்தைவிடச் சிறிய தாள் ஒன்றை அதன் அட்டைமேல் படிய வைத்துப் புத்தகத்தைக் கிடையாகக் கீழே விடுங்கள். காற்றைப் புத்தகம் விலக்கிக் கொடுக்கிறது, தாள் அதோடு ஒட்டினாற்போல இறங்கும்.

அறிகுறி: விழும் பொருளை வைத்து அளந்தால் ஈர்ப்பு முடுக்கம் ஒரு தடவை 8, ஒரு தடவை 12

1 மீட்டர் விழ 0.45 வினாடிதான் ஆகிறது. நிறுத்துக் கடிகாரத்தை 0.05 வினாடி தாமதமாக அமுக்கினால் விடை 8.0. அதே அளவு முந்தி அமுக்கினால் 12.5. மனிதர் ஒன்றைக் கண்டு விரலை அசைக்கச் சுமார் 0.2 வினாடி ஆகும் என்னும்போது இது நியாயமான சிதறல்தான். கையால் அமுக்கும் கடிகாரம் இந்த வேலைக்கு ஆகாது. போன் கேமராவை எடுங்கள்.

வீடியோ எடுத்தால் சிதறல் போய்விடும், ஆனால் புதிய வகைக் கோளாறுகள் வரும். வினாடிக்கு 30 படம் எடுத்தால் 1 மீட்டர் வீழ்ச்சிக்கு 13 படங்கள்தான் கிடைக்கும். 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் வசதி இருந்தால் நூறுக்கு மேல் கிடைக்கும். அப்படி எடுத்தபின் விடை 0.15 என்று அபத்தமாக வந்தால் பதற வேண்டாம். 240-இல் எடுத்ததை 30-இல் ஓட்டும்போது நேரம் 8 மடங்கு நீள்கிறது, நேரத்தின் வர்க்கம் வருவதால் விடை 64 மடங்கு சுருங்குகிறது. 0.15-ஐ 64-ஆல் பெருக்கிப் பாருங்கள், 9.6.

விடை 10.9 போல எப்போதும் கொஞ்சம் கூடவே வருகிறதா? அளவுகோலைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பந்தை அதற்கு முன்னால் விட்டிருப்பீர்கள். கேமராவிலிருந்து சுவர் 2 மீட்டர், பந்து சுவரிலிருந்து 20 செ.மீ. முன்னால் என்றால் பந்தின் நகர்வு 11 விழுக்காடு பெரிதாகத் தெரியும், முடுக்கமும் அதே அளவு கூடும். அளவுகோலும் பந்தும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும்.

எந்தப் படத்தில் பந்து கிளம்பியது என்று தெளிவாகத் தெரியவில்லை என்பது மூன்றாவது தொல்லை. தூரத்தை நேரத்தின் வர்க்கத்தோடு வைத்து வரைந்தால் கோடு வளைந்துவிடும். அதற்குப் பதிலாக வேகம்–நேரம் வரைபடம் போடுங்கள். தொடக்கம் எங்கே என்பது தவறிப்போனால் கோடு நகருமே தவிர அதன் சாய்வு மாறாது. நமக்கு வேண்டியது சாய்வு மட்டும்தான்.

அறிகுறி: தனி ஊசல் கிட்டத்தட்ட சரியான விடையைத் தருகிறது, ஆனால் முழுதாக இல்லை

ஊசலில் நிற்கும் பிழைகள் சிறியவை. அதனாலேயே விடையைப் பார்த்துக் காரணத்தை ஊகிப்பது இங்கே எளிது.

12.1 வந்ததா? பத்து அலைவு எண்ணும்போது கடிகாரத்தை அமுக்கியவுடன் "ஒன்று" என்று தொடங்கியிருப்பீர்கள். உண்மையில் ஒன்பது அலைவுதான் முடிந்திருக்கிறது. "பூச்சியம்" என்று சொல்லி அமுக்குங்கள். இருபது எண்ணி இதே தவறு நடந்தால் 10.9 வரும்.

9.5 அருகில் வந்தால் வீச்சைப் பாருங்கள். 30 பாகை இழுத்து விட்டால் அலைவுநேரம் 1.7 விழுக்காடு கூடும், ஈர்ப்பு முடுக்கம் 9.47-க்கு இறங்கும். 5 பாகைக்குள் ஆடவிட்டால் இந்தப் பிழை கண்டுகொள்ளவே தேவையில்லாத அளவுக்குச் சுருங்கிவிடும்.

காற்றுத் தடை என்று மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள். காற்று வீச்சைத்தான் மெல்ல மெல்லக் குறைக்கிறது. கனமான சிறு குண்டின் அலைவுநேரத்தை அது தொடுவது மிகமிகக் குறைவு. இடத்துக்கு இடம் ஈர்ப்பு மாறுமே என்பதும் ஓரளவுக்குத்தான் உதவும். நிலநடுக்கோட்டில் கடல்மட்டத்தில் 9.78, துருவத்தில் 9.83. இரண்டுக்கும் இடையே அரை விழுக்காடுதான் வித்தியாசம். உங்கள் விலகல் அதைவிடப் பெரியதென்றால் பூமியை விட்டுவிட்டு ஊசலுக்கே திரும்புங்கள். தாங்கியின் பிடி தளர்ந்து குண்டோடு சேர்ந்து ஆடுகிறதா? குண்டு நேர்க்கோட்டில் ஆடாமல் நீள்வட்டம் போடுகிறதா?

கடைசியாக நீளம். நூலைக் குண்டின் மேல் முடிச்சு வரை அளந்துவிட்டு ஆரத்தைச் சேர்க்க மறப்பதுதான் மிகவும் பரவலான பிழை. நூல் 1 மீட்டர், குண்டின் ஆரம் 2 செ.மீ. என்றால் விடை 9.6 ஆகிவிடும். இதையும் வரைபடம் காட்டிக்கொடுக்கும். அலைவுநேரத்தின் வர்க்கத்தை நூலின் நீளத்தோடு வைத்து நான்கைந்து நீளங்களுக்கு வரைந்தால் கோடு நேராகவே இருக்கும், ஆனால் ஆதிப்புள்ளியைத் தவறவிடும். நீள அச்சை அது எங்கே வெட்டுகிறதோ அந்தத் தூரமே நீங்கள் சேர்க்க மறந்த ஆரம். சாய்வு கெடுவதில்லை, அதிலிருந்து வரும் ஈர்ப்பு முடுக்கம் சரியாகவே இருக்கும்.

எல்லாம் பார்த்த பிறகும் விடை 9.6 என்று நின்றால் மறுபடி உங்கள் சிதறலைப் பாருங்கள். 9.6-க்கு மேலும் கீழும் 0.3 வரை ஆடுகிறது என்றால் அதற்குள் 9.8-உம் அடங்குகிறது, தேட எதுவுமில்லை. மேலும் கீழும் 0.03 மட்டுமே ஆடுகிறது என்றால் ஓர் அளவுகோலை எடுத்துக் குண்டின் விட்டத்தை அளக்கத் தொடங்குங்கள்.